மலையேறும் பிக்கப்புக்கு 10,000 கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது

ஆசிரியருக்கு வணக்கம்.

டீசல் பிக்கப்புக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றினால் போதும் என்று உங்கள் வாகனப் பகுதியில் படித்தேன். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு அது சரிதான். எங்கள் நீலகிரியில் அதை அப்படியே பின்பற்றினால் எஞ்சின் தாங்காது. அதே கணக்கை நம்பி நான் ஒரு டர்போவை, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவியை, பறிகொடுத்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு அடிக்கிறேன். விடியும் முன்பே தோட்டம் தோட்டமாகப் போய் மூட்டை ஏற்ற வேண்டும். அப்புறம் கேரட் கழுவும் இடத்தில் வரிசை. அது முடிந்து குன்னூர், பர்லியார் வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, திரும்பும்போது உர மூட்டையோடு ஏறுவேன். ஏற்றம் முழுக்கப் பெரும்பாலும் செகண்ட் கியர்தான். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்; ஆனால் எஞ்சின், சமவெளியில் 60-ல் போகிற வண்டியைவிட அதிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மே மாத சீசனில் குன்னூரில் நிற்கிற நேரத்தைக் கேட்கவே வேண்டாம்.

ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோமீட்டர் ஓட்டம். எஞ்சின் ஓடிய நேரம் 7 மணி. அப்படியானால் 10,000 கிலோமீட்டர் முடியும்போது எஞ்சின் 700 மணி நேரம் உழைத்திருக்கும். சேலம் நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் சராசரியில் போகிறவருக்கு அதே தூரம் வெறும் 200 மணிதான். இரண்டு வண்டிக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கில் ஆயில் மாற்றச் சொல்வது எப்படிப் பொருந்தும்? டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் இதைச் சரியாகச் செய்கிறார்கள். பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒருமுறை ஆயில் என்பதுதான் கணக்கு. யாரும் அங்கே கிலோமீட்டர் பார்ப்பதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் பர்லியார் தாண்டி ஏறும்போது பின்னாடி நீலம் கலந்த புகை கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த பஸ்ஸே தெரியவில்லை. மேட்டுப்பாளையத்துக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரைக் கழற்றி, "இதைப் பாருங்கண்ணா" என்று விரலால் வழித்துக் காட்டினார். தார் மாதிரி களிம்பு. ஆயில் பம்ப் உறிஞ்சுகிற சல்லடையில் பாதி அடைத்திருந்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். அந்த ஆயில் ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் பேரிங் என்ன ஆகும்? ஏறி வந்த சூட்டோடு உடனே எஞ்சினை அணைக்கிற பழக்கமும் எனக்கு இருந்தது; அதுவும் டர்போவைக் கெடுக்கும். இப்போது வண்டியை நிறுத்தி ஒரு நிமிடமாவது எஞ்சினைச் சும்மா ஐடிலில் ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.

பனிக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து, இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து என்று ஓட்டினால் எஞ்சின் சூடே ஏறாது. உள்ளே நீராவி படிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், வெண்ணெய் தடவினது போல இருக்கும். நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் நன்றாகச் சூடானால் அது போய்விடும். அப்படியும் போகவில்லை என்றால், குளிர்விக்கும் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

என் அக்கா மகன் வைத்திருப்பது பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. "மாமா, என் வண்டி ஒரு சொட்டு ஆயில்கூடக் குடிக்கவில்லை, அளவு ஏறியே இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்குப் பகீரென்றது. அந்த வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது; அதில் சேரும் கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். மெதுவாக, நின்று நின்று ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று போகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் அளவு ஏறினால் ஆயில் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். என் பழைய வண்டிக்கு ஊற்றும் ஆயிலை அவன் வண்டிக்கு ஊற்ற முடியாது.

ஆயில் கறுத்ததைப் பார்த்துப் பயந்து சீக்கிரமே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நான் இப்போது 4,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கிட்டத்தட்ட 280 மணி வருகிறது. ஃபில்டரும் கூடவே மாறும். கையேட்டில் கடினப் பயன்பாடு என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும். மலை, அதிக லோடு, நீண்ட ஐடிலிங் எல்லாம் அதில்தான் வரும். வண்டியை டெலிவரி எடுக்கும்போது அந்தப் பக்கத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை. உங்கள் வாகனப் பகுதியில் அடுத்த முறை அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். டிராக்டரில் இருப்பது போல எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் மீட்டரை எல்லா பிக்கப்பிலும் வைக்கும்படி கம்பெனிகளிடம் உங்கள் இதழ் கேட்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் ஓட்டுநர்,
கேத்தி பாலாடா, நீலகிரி.