தோட்டத்து மதிலில் பாசி இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதிலில் சிறிது பச்சை தெரிந்தாலே கம்பித் தூரிகையையும் பிளீச்சிங் பவுடரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். தோட்டத்து மதிலிலாவது இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சொல்வது நீர்ப்பாசியை அல்ல, சுவரில் மெத்தைபோல் வளரும் சிற்றிலைப் பாசியை. அது சுவரைப் பிளந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மயிரிழை போன்ற வேரிகளால் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, வேண்டிய நீரைப் பெரும்பாலும் இலைகளின் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. சுவரைப் பிளப்பவை பறவைகளின் எச்சத்தோடு வந்து விழுந்து முளைக்கும் ஆல், அரசு போன்ற மரக்கன்றுகளே. அவற்றை இரண்டு இலை விட்டதுமே பிடுங்கிவிட வேண்டும். பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது மெய்தான். ஆகவே வீட்டுச் சுவரிலும் கால் வழுக்கும் படிகளிலும் அதை வளர்க்கும்படி சொல்ல மாட்டேன்.

பாசியைத் தயிரோடு அரைத்துப் பூசினால் வளரும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி நானும் செய்து பார்த்தேன், பூஞ்சணம்தான் படர்ந்தது. பிறகு, கல்லில் வளர்ந்த பாசியையே சிறு துண்டுகளாக எடுத்து, நிழல் விழும் பக்கத்தில் செங்கல் இடுக்குகளில் ஈரக் களிமண் தடவி அழுத்தி, சேமித்த மழைநீரை நாள்தோறும் பூவாளியால் மெல்லத் தெளித்துவந்தேன், அது பிடித்துக்கொண்டது. மண் தரையில் வளரும் பாசி பெரும்பாலும் சுவருக்கு ஒத்துவராது. புதிதாகப் பூசிய சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது என்பதால், மழையும் வெயிலும் பட்டு அது தணியும்வரை பொறுத்திருக்க வேண்டும். பெயிண்ட் அடித்த வழவழப்பான சுவரைவிடச் சொரசொரப்பான செங்கல்லும் பழைய சுண்ணாம்புக் காரையும் பாசிக்கு மிகவும் உகந்தவை. பாசி மெத்தையில் தூசியும் மட்கும் சேரச் சேர, காற்றில் வரும் பெரணியின் (ஃபெர்ன் செடியின்) நுண்வித்துகளும் அங்கே முளைவிடும். எங்கள் மதிலில் நாங்கள் நடாத பெரணிகள் இப்போது மூன்று இடங்களில் நிற்கின்றன.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். கோடையில் பழுப்பேறிச் சுருண்டு கிடக்கும் பாசியைச் செத்துவிட்டதென்று எண்ணிச் சுரண்டிவிடாதீர்கள். சுவரில் வளரும் பாசி இனங்கள் பல உடலின் நீர் ஏறக்குறைய முழுவதும் வற்றினாலும் உயிரோடிருந்து, ஒரு மழை நனைத்ததும் சில நிமிடங்களிலேயே இலை விரித்துப் பசுமை கொள்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்