ஹஸ்கியா, மாலமூட்டா?

அன்பு மகளுக்கு,

சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட் என்ற இரண்டு நாய் இனங்களில் எது நம் பிள்ளைக்கு ஏற்றது என்று கேட்டிருந்தாய். படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனால் ஹஸ்கி, சைபீரியாவின் வடகிழக்கில் வாழும் சுக்ச்சி மக்கள், பனிச்சறுக்கு வண்டியைக் குறைந்த சுமையோடு நெடுந்தூரம் இழுத்து ஓடுவதற்காக வளர்த்த நாய். ஆண் 20 முதல் 27 கிலோ இருக்கும். மாலமூட், அலாஸ்காவின் வடமேற்குக் கரையில் பெருஞ்சுமையை நிதானமாக இழுப்பதற்காக வளர்ந்த இனம். ஆண் சுமார் 38 கிலோ, தோள் உயரம் 64 செ.மீ. எதை வாங்கினாலும் அந்த ஓட்டமோ அந்த இழுப்போ கூடவேதான் வரும். நீலக் கண் மாலமூட் என்று யாராவது விற்க வந்தால் ஒதுங்கிவிடு. அது கலப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஹஸ்கியிடம் பெரிய தொல்லை, தப்பி ஓடுவது. வேலி ஆறடியாவது வேண்டும். தாண்ட முடியாவிட்டால் அடியில் தோண்டும். அதனால் வேலி ஓரமாக, உள்பக்கம் இரண்டடி அகலத்துக்குக் கம்பி வலையைப் படுக்கவைத்து மண் மூடச் சொல். எவ்வளவு பழக்கினாலும் வெளியில் வாரை அவிழ்க்காதே. அணில் கண்ணில் பட்டுவிட்டால் உன் குரல் அதன் காதில் ஏறாது.

மாலமூட்டிடம் கவலை வேறு. மற்ற நாய்களோடு, அதுவும் அதே பாலினத்து நாயோடு, பல மாலமூட்டுகள் ஒத்துப்போகாது. சாப்பாட்டைக் காவல் காக்கும் குணமும் உண்டு. சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுப் பழக்கு என்பார்கள், கேட்காதே. பறிக்க வருகிறார்கள் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். நீ பக்கத்தில் போகும்போதெல்லாம் தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டு விலகிவிடு. இதைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். நாய் சாப்பிடும் நேரத்தில் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். கோபமே இல்லாமல், ஆசையாகத் திரும்பினால்கூட மூன்று வயதுப் பிள்ளையைத் தள்ளிவிடும் எடை அது.

பெற்ற நாய்களின் சோதனைச் சான்று கேட்காமல் குட்டி வாங்காதே: ஹஸ்கிக்குக் கண் (பரம்பரைக் கண்புரை வரும்), மாலமூட்டுக்கு இடுப்பு எக்ஸ்ரே. மாலமூட் குட்டிக்குப் பெரிய இன நாய்க்குட்டிகளுக்கான தீவனம்தான் கொடுக்க வேண்டும். கால்சியம் தனியாகச் சேர்த்தால் எலும்பு வளர்ச்சி கெடும். ஒன்றரை வயதுவரை பாரம் இழுக்க விடாதே.

முடி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு முறை, தோலை ஒட்டிய அடிமுடி கொத்துக்கொத்தாக உதிரும். அப்போது நீளப் பல் சீப்பால் தினமும் வார வேண்டும். வெயில் என்று மொட்டையடித்துவிடாதே, தோல் பொசுங்கும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். நடை அதிகாலையில் போதும். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

திருடனை விரட்டும் என்று இரண்டையும் நம்ப வேண்டாம், யாரிடமும் குழையும்.

உன் வீட்டுக்கு என் வாக்கு ஹஸ்கிக்கு. குட்டி வேண்டாம், குணம் தெரிந்துவிட்ட மூன்று நான்கு வயதுப் பெண் நாயாகப் பார். உன் வீட்டில் பூனை இருக்கிறதே, பூனையோடு இருந்து பழகிய நாயா என்று முதலில் கேள். இல்லை என்றால் விட்டுவிடு, இரண்டு இனத்துக்கும் பூனை இரைதான். வேலி வேலையை முடித்துவிட்டே நாயை அழைத்து வா.

அன்புடன்,
அப்பா