அம்மா முகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர் நிழற்குடை. போன தை மாதம் அம்மா இறந்தபோது, அதன் முகப்பை மறைத்து 10-க்கு 8 அடியில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினேன். நான் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவன். கம்பத்தில் பேனர் கட்டியவர்களை எத்தனையோ முறை திட்டி அவிழ்க்க வைத்திருக்கிறேன். 2019-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து ஒரு பெண் உயிர்விட்டபோது டீக்கடையில் உட்கார்ந்து ஆவேசமாகப் பேசியவன். சொந்தத் துக்கம் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

நாலாம் நாள் காலை அங்கே போனேன். பூக்கூடையோடு ஒரு பாட்டி ஃபிளெக்ஸ் ஓரத்தை விலக்கி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “ஏம்பா, உங்கம்மா மூஞ்சியக் கொஞ்சம் தூக்கிப் புடி, பஸ்ஸு வருதான்னு பாக்கணும்” என்றார். கேலியில்லை. பஸ் போய்விடுமே என்ற கவலை.

மூன்று நாளாக ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இழவு வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்ற தயவு. அந்தத் தயவில்தான் இந்த பேனர்களெல்லாம் நிற்கின்றன.

அங்கிருந்து நூறடி தள்ளி ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு குறுக்குக் கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் வைத்தது. பெயர் யாருக்கும் தெரியாது. தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் இன்னொரு கை தேட வேண்டாம், அந்த உயரம். சந்தைக்குப் புளி மூட்டை சுமந்த காலத்தில் அம்மா அதில்தான் இறக்கி மூச்சு வாங்குவாள். அவர்களுக்கும் துக்கம்தான், எனக்கும் துக்கம்தான். அவர்கள் வழிப்போக்கன் தலைபாரத்தை நினைத்தார்கள். நான் ஃபிளெக்ஸில் என் பெயர் எந்த வரியில் வருகிறது என்று பார்த்தேன்.

சாலையை அகலப்படுத்தியபோது பிடுங்கிய அந்தக் கல் இன்னும் பள்ளத்தில் கிடக்கிறது. அதை எடுத்து நிழற்குடை ஓரமாக நட அனுமதி கேட்டு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கல் பெஞ்சும் போட்டுத் தருகிறேன், பெயர் பொறிக்காமல். அதிகாரிகள் கண்ணில் இக்கடிதம் பட்டால் நல்லது.

ஃபிளெக்ஸை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். இப்போது மாட்டுக் கொட்டகை மேல் கிடக்கிறது. ஒழுகுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.