பாலையில் ஒரு முகூர்த்தம்

லாஸ் ஏஞ்சலஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தான், பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லாரும் நலமா? பங்குனியில் கல்யாணம் என்று போனில் சொன்ன நாளிலிருந்து அம்மா பாதி மனத்தோடுதான் பேசுகிறாள். மண்டபம் இல்லை, மேளம் இல்லை, பாலைவனத்தில் நாலைந்து பேர் நிற்கப்போகிறோம் என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனம் ஆறும்? அவசரமாகச் சொன்னதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். நீதான் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

முதலில் ஒன்று. யார் கண்ணுக்கும் தப்பி ஓடிச் செய்கிற கல்யாணம் இல்லை இது. பெற்றவர்களின் சம்மதத்தோடே இங்கே பலர் இப்படி மணம் முடிக்கிறார்கள். பெண், மாப்பிள்ளை, மணம் செய்துவைக்க ஒருவர், சாட்சிக்கு ஒருவர், அவ்வளவுதான். அப்பா பாலைத் திணையும் உடன்போக்கும் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? அந்தச் சங்கப் பாட்டுகளில் பாலை என்பது காதலர்கள் வெயிலில் வாடிக் கடந்துபோகும் வழி. எங்களுக்கு அதுவே மணமேடை.

ஏன் பாலைவனம் என்று கேட்டாய். ஆஸ்பத்திரி வார்டில் இரவெல்லாம் மானிட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே நிற்கிறவள் நான். பேசுகிற வார்த்தை முழுதாகக் காதில் விழும் இடத்தில் தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. நான் மணக்கப்போகிறவருக்கும் அதே எண்ணம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது. நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் மணல்மேடுகளை முதலில் நினைத்தோம். அது சாதாரண மணல் அல்ல, ஜிப்சம் என்ற வெள்ளைத் தாதுவின் துகள். வெயிலில் சூடேறாது, செருப்பில்லாமல் நடக்கலாம். ஆனால் இங்கிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். பக்கத்தில் ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளம் இருப்பதால் சோதனை நேரத்தில் சாலையை மூடிவிடுவார்கள். முகூர்த்த நாளில் அப்படி நடந்தால் என்ன செய்வது? டெத் வேலிப் பள்ளத்தாக்கில் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உப்புப் பரப்பு வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும். 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான இடம் அது. பங்குனியில் அந்தக் கொடுமை இல்லைதான். ஆனாலும் அந்தப் பரப்பில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

நெவாடாவின் வேலி ஆஃப் ஃபயர் என்ற பள்ளத்தாக்கு உனக்குப் பிடித்திருக்கும். லாஸ் வேகாஸில் திருமண உரிமம் உடனே கிடைக்கும், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். பாறையெல்லாம் நம் ஊர்த் தேரிக்காட்டு மணல்மேடுகளின் சிவப்பு. இரண்டுக்கும் அந்த நிறத்தைக் கொடுப்பது இரும்புதான். ஆனால் தேரி நம் ஊரிலேயே இருக்கும்போது அதன் சாயலைத் தேடி இங்கே நிற்க எனக்கு விருப்பமில்லை.

கடைசியில் ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் கேப் ராக் என்ற இடத்தை முடிவு செய்தோம். இங்கிருந்து இரண்டரை மணி நேரம். முதல் காரணம் அவருடைய பாட்டி. அவரை வளர்த்து ஆளாக்கியவர் பாட்டிதான். சாட்சிக் கையெழுத்தும் பாட்டியுடையதுதான். முழங்கால் வலியோடு மணல்மேடு ஏற அவரால் முடியாது. கேப் ராக்கில் காரை விட்டு இறங்கினால் சமதளமான பாதை, சக்கர நாற்காலியும் போகும். எவ்வளவு அழகான இடமானாலும் பாட்டி வந்து நிற்க முடியாவிட்டால் எங்களுக்கு வேண்டாம்.

பெரிய கருங்கல் பாறை, அதன் தலைமேல் தொப்பி வைத்தாற்போல் இன்னொரு கல். சுற்றிலும் ஜாஷுவா மரங்கள், நம் தேரிப் பனைகளைப் போல ஒன்றை ஒன்று தொடாமல் எட்டி எட்டி நிற்கின்றன. கிட்டே போனால் ஒவ்வொரு இலையின் நுனியும் ஊசி. பட்டு முந்தானையைப் பறக்கவிட்டு நடக்க முடியாது. சின்ன அந்துப்பூச்சி ஒன்று இதன் பூவில் மகரந்தத்தைக் கொண்டுவந்து திணித்துவிட்டு அங்கேயே முட்டையிடும். அந்தப் பூச்சி வராவிட்டால் மரத்துக்கு விதை இல்லை, இந்த மரம் இல்லாவிட்டால் பூச்சிக்குக் குஞ்சு இல்லை. பாதையோரம் குனிந்து பார்த்தால் மண்மேல் கறுத்த, சொரசொரப்பான பொருக்கு தெரியும். அதற்கு உயிர் இருக்கிறது. காற்றில் மண் பறக்காமல் பிடித்துவைப்பது அதுதான். ஒருமுறை மிதித்தால் பழையபடி ஆகப் பல வருடங்கள் பிடிக்கும். அதனால் படம் எடுக்கவும் பாதையை விட்டு இறங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

அம்மாவுக்கு வருத்தம் தரும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் கல்யாணம் செய்ய முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அரிசி, பூவிதழ் எதையும் தூவக் கூடாது. ஆகவே அட்சதை அங்கே கிடையாது. எனக்கு இந்த விதி சரியென்றே படுகிறது. நாம் சில நிமிடம் நின்றுவிட்டுப் போகிற இடம், அங்கேயே பிழைக்கிற அணிலுக்கும் பறவைக்கும் நம் அரிசியைப் பழக்கக் கூடாது. வைகாசியில் ஊருக்கு வருகிறோம். நம் வீட்டு முற்றத்தில் அப்பாவும் அம்மாவும் முதல் அட்சதை போடட்டும், ஊரே வந்து போடட்டும்.

கலிபோர்னியா உரிமம் வாங்கிய 90 நாளுக்குள் மணம் முடிக்க வேண்டும். அந்தக் கணக்கையும் பார்த்துவிட்டோம். நாள் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அம்மா சொல்வாளே. வார நாள் என்பதால் கூட்டமும் இருக்காது. விடிந்ததும் ஏழு மணிக்குத் தாலி கட்டு, ஏழரை எமகண்டத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். அந்நேரம் நல்ல குளிர் இருக்கும், பாட்டிக்குக் கம்பளி எடுத்துவைத்திருக்கிறேன்.

தாலியை அப்பா கையாலேயே மஞ்சள் கயிற்றில் கோத்துத் தரச் சொல். ஊருக்கு வந்திருக்கும் என் தோழி மாசிக் கடைசியில் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிட்டால் போதும். சேலை கனமான ஜரிகை வேண்டாம், மெல்லிய கரையாக, மாம்பழ மஞ்சளில் பார். ரவிக்கை அளவு உன்னிடம் இருக்கிறது. கையை மட்டும் முழங்கை வரை வைத்துத் தைக்கச் சொல்.

உன் அன்புத் தங்கை