குடமுழுக்கு ட்ரோன் காட்சிகளை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி பிறந்துவிட்டால் காவிரிக்கரை ஊர்களில் குடமுழுக்கு அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடும், கூடவே "ட்ரோன் உண்டா?" என்ற கேள்வியும் திருப்பணிக் குழுவினரிடமிருந்து எங்களைப் போன்ற படப்பிடிப்பாளர்களுக்கு வந்துவிடும். எந்தக் காட்சியை, எந்தத் திசையிலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்கள் தொழிலில் உள்ளவர்களிலும் பலர் ட்ரோனை மேலே ஏற்றிய பிறகுதான் காட்சியைத் தேடுகிறார்கள்.

கும்பகோணம் வட்டாரத்தில் 16 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு சிற்றூர் அம்மன் கோயிலில், யாகசாலையிலிருந்து கடம் புறப்பட்ட உடனேயே ஆர்வத்தில் ட்ரோனை ஏற்றிவிட்டேன். கடங்கள் கோயிலை வலம் வந்து, சிவாச்சாரியார்கள் சாரத்தின் வழியே விமானத்துக்கு ஏறி, நல்ல நேரத்துக்காகக் காத்து நின்றதில் 20 நிமிடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. கெட்டிமேளம் முழங்கக் கலசத்தில் நீர் விழுந்தபோது, என் ட்ரோன் பேட்டரி தீர்ந்து தானாகவே திரும்பிப் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் பதிவாகியிருந்தவை மைதானத்துப் புழுதியும் என் செருப்பும்தான். மணமகனிடம் இன்னொரு முறை மாலையைப் போடச் சொல்லலாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் குடமுழுக்கில் சிவாச்சாரியாரிடம் அப்படிக் கேட்க முடியுமா?

அதன்பிறகு, விழாவுக்கு முதல் நாள் காலையில், நீர் ஊற்றப்படவிருக்கும் அதே நேரத்தில் கோயிலுக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நம் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை. காலை 9 மணி வெயிலில் கிழக்கேயிருந்து எடுத்தால் சுதைச் சிற்பங்களின் புது வண்ணம் அப்படியே தெரியும். மேற்கேயிருந்து எடுத்தால் கோபுரம் கறுத்த நிழலாக நிற்பதோடு, ட்ரோன் இறக்கைகளின் நிழலும் படத்தில் கோடு கோடாக விழக்கூடும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, முதல் நாள் அரை மணி நேரம் போதும்.

பிறகு மூன்றே காட்சிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். கடம் புறப்பாட்டைக் கூட்டத்தின் தலைக்கு மேலே போகாமல், குளத்தின் அக்கரையிலிருந்து மர உயரத்தில் தொடர்வது ஒன்று. கோபுரத்தின் நிலைகளை ஒட்டி மெல்ல உயர்ந்து, கலசத்தைத் தாண்டியதும் பின்னாலுள்ள வயல்வெளி விரியும்படி எடுப்பது இன்னொன்று. இதை விழாவுக்கு முந்தைய மாலையிலேயே எடுத்துவிடலாம். மூன்றாவது நீர் ஊற்றும் காட்சி. அப்போது ட்ரோன் அசையவே கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் அங்கே நீரும் கைகளும் அசைகின்றன, அதுவே போதும். ஒரு காட்சியை 15 விநாடிகளாவது குலையாமல் எடுக்கப் பொறுமையில்லாதவர்கள்தாம் நடுவில் ட்ரோனைத் திருப்பித் திருப்பி, படம் பார்ப்பவர்களுக்குத் தலைசுற்றலை உண்டாக்குகிறார்கள். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் விநாடியில் 50-இல் ஒரு பங்கு, பகல் வெயிலுக்கு லென்சின் மேல் கறுப்புக் கண்ணாடி போன்ற என்.டி. ஃபில்டர் ஆகியவற்றையும் தரையிலேயே சரிசெய்துவிட வேண்டும்.

கருடனை மறந்துவிடக் கூடாது. நீர் ஊற்றும் வேளையில் கருடன் வட்டமிடுவதைக் காணத்தான் கூட்டம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. ஒருமுறை மூதாட்டி ஒருவர், "கருடன் வர்ற வழியில உன் பொம்மையை நிறுத்தி வச்சிருக்கியே தம்பி" என்று என்னைக் கடிந்துகொண்டார். அவர் சொன்னது சரிதான். பருந்துகள் ட்ரோனைப் பாய்ந்து தாக்குவதும் உண்டு. இப்போதெல்லாம் கலசத்தின் உயரத்துக்கு மேல் போகாமல், ஒரு பக்கமாகவே நிறுத்துகிறேன்.

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம் என்பதால் அந்த உயரத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். திருவரங்கத்து ராஜகோபுரமே 236 அடிதான். 400 அடியிலிருந்து பார்த்தால் எந்த ஊர்க் கோயிலும் தீப்பெட்டியாகத்தான் தெரியும். எந்த இடம் எந்த மண்டலம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் முன்கூட்டியே பார்ப்பதும் திட்டத்தில் சேர்ந்ததே. தஞ்சையில் விமானப்படைத் தளம் இருக்கிறது. பெரிய கோயிலும் தாராசுரம் கோயிலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கெல்லாம் இன்னும் கவனம் வேண்டும்.

திருப்பணிக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஓர் உபயதாரர் ஒரு ட்ரோனையும் இன்னொருவர் வேறொன்றையும் அழைத்துவர, தீர்த்தம் தெளிக்கும் ட்ரோனும் அதே வானத்தில் பறக்கும் நிலை இப்போது ஏற்படுகிறது. அவரவர் பாதையையும், கூட்டம் வராத ஏற்றி இறக்கும் இடத்தையும் முதல் நாளே குறித்துக் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு நீர் ஊற்றப்படும் என்பதைச் சிவாச்சாரியாரிடம் கேட்டு எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பத்து நிமிடங்களுக்காகப் பேட்டரியைக் காத்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
விழாப் படப்பிடிப்பாளர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.