தலைமையாசிரியர் கடிதம்: போர்ப் படங்களும் 'அப்படியே நிஜம்' என்ற நம்பிக்கையும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து நம் மேல்நிலை வகுப்புகளில் போர்ப் படங்களைப் பற்றிய பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது. விடுமுறையில் கைப்பேசியில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசும் மாணவர்கள் எல்லோரும் "அப்படியே நிஜம் சார்" என்றுதான் முடிக்கிறார்கள். இவற்றைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சிலர் கவலையோடு கேட்டீர்கள். பார்க்கக் கூடாது என்று பள்ளி சொல்லப் போவதில்லை. சொன்னாலும் விடுமுறை நாளில் அது செல்லுபடியாகாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் படங்களில் எது நிஜம், எது நிஜம்போலச் செய்யப்பட்டது என்று பிரித்துப் பார்க்க அவர்களைப் பழக்குவது நம் கடமை என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு பதினோராம் வகுப்பின் இயற்பியல் பாடவேளையிலேயே ஒருமுறை வந்துவிட்டது. குண்டு பட்டவர் நாலடி பின்னால் தூக்கியெறியப்படுவதை ஒரு மாணவர் நடித்தே காட்ட, ஆசிரியர் அதையே உந்த அழிவின்மை விதிக்குக் கணக்காகக் கரும்பலகையில் எழுதினார். ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வந்து 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் தங்கிவிட்டால், அவர் பின்னோக்கி நகரக்கூடிய வேகம் நொடிக்கு 6 சென்டிமீட்டர்தான். அதாவது குண்டு ஆளைக் கொல்லுமே தவிரத் தூக்கி எறியாது. வெடிப்புகளும் அப்படித்தான். கையெறி குண்டு வெடித்தால் எழுவது பெரும்பாலும் சாம்பல் நிறப் புகையும் புழுதியும்தான். ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் இரும்புச் சில்லுகள். திரையில் நாம் பார்க்கும் செம்மஞ்சள் தீப்பந்து, பெட்ரோல் போன்ற எரிபொருளைக் கொளுத்தி உண்டாக்கப்படுவது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்த குண்டின் ஓசை நம்மை வந்தடைய மூன்று நொடி ஆகும் என்பதையும் பெரும்பாலான படங்கள் கண்டுகொள்வதில்லை. கணக்கு முடிந்த பிறகு வகுப்பில் சற்று ஏமாற்றம் தெரிந்ததாக ஆசிரியர் சொன்னார். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே பட்டது.

இவை சிறிய பிழைகள். கெட்டிக்கார இயக்குநர்கள் திருத்திக்கொண்டே வருகிறார்கள். திருத்தப்படாமல் நிற்பது வேறொன்று. இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கியதை 1998-இல் வெளிவந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' காட்டிய விதம், அதற்குப் பின் வந்த போர்ப் படங்களின் முகத்தையே மாற்றியது. அதன் ஒளிப்பதிவாளர் கேமராவின் ஷட்டர் திறப்பை, அதாவது ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளி விழும் நேரத்தை, வழக்கமான அளவில் பாதியாகவும் சில இடங்களில் கால் பங்காகவும் குறைத்தார்; அதனால் ஒவ்வொரு சட்டகமும் மங்கலின்றிக் கூர்மையாகப் பதிவாகி, தெறிக்கும் மணல் துகள்கூடத் தனித்தனியே தெரிந்தது; அசைவுகள் வெட்டி வெட்டி நகர்ந்தன. கேமராவையும் தோளில் வைத்துக் குலுங்கக் குலுங்கப் படமெடுத்தார்கள். ஆனால் ஓடுகிறவனின் கண்ணுக்கு உலகம் அப்படிக் குலுங்குவதில்லை, மூளை அதைச் சரிசெய்துவிடுகிறது. குலுங்கும் காட்சி, போர்க்களத்தில் படம்பிடித்த செய்திக் கேமராக்காரர்கள் விட்டுச்சென்ற பழக்கம். நம் பிள்ளைகள் நிஜம் என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு, சிப்பாயின் அனுபவமாக இல்லாமல் பழைய செய்திப்படத்தின் சாயலாக இருக்கிறது. மிகச் சிறந்த கலை அது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அது கலைதான் என்பது மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு உழைத்தும் ஒரு படம் கொண்டுவர முடியாதது காலம். இரண்டரை மணி நேரத்துக்குள் காத்திருப்பைக் காட்ட இடமில்லை. படைவீரரின் வாழ்வில் பெரும்பகுதி காத்திருப்புதான். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் நிலை ஒன்றைப் பனிச்சரிவு மூடியது. மதராஸ் ரெஜிமெண்ட்டின் 19-ஆவது படைப்பிரிவு காவல் காத்த இடம் அது. அங்கே இருந்த பத்துப் பேரும் உயிரிழந்தார்கள். அவர்களுள் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். அங்கே ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. சியாச்சினில் எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிக்கும் பலியானவர்களே அதிகம். இதைப் படமாக எடுத்தால் 'ஆக்‌ஷன் எங்கே' என்று கேட்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

நம் பெற்றோர்களில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பலர் உண்டு. அவர்களுள் ஒருவரிடம், பனிமலையில் இருந்த நாள்களில் எது இன்னும் நினைவில் இருக்கிறது என்று கேட்டேன். மண்ணெண்ணெய் அடுப்பின் புகையில் இருமினால் சளி கரியாக வரும் என்றும், ஈரமான காலுறையைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்து உலர்த்துவதே பெரிய வேலை என்றும் சொன்னார். சண்டையைப் பற்றி அவராகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வகையில், மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையை வைத்து 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படம் கதையை அவருடைய மனைவியின் பார்வையிலிருந்து சொன்னதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். போரின் பாதி வீட்டில்தான் நடக்கிறது. பல குடும்பங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து அதைப் பார்த்ததாக அறிந்தேன். நம் மாவட்டத்து நடுகற்களைச் செதுக்கியவர்களும் போருக்கு வீடும் ஊரும் உண்டு என்பதை அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். சில கற்களில் உடலில் அம்பு தைத்த வீரனைக் காட்டிவிட்டு, எந்த ஊர் ஆநிரையை (மாட்டு மந்தையை) மீட்கும்போது அவன் இறந்தான் என்பதையும் எழுத்தில் வெட்டி வைத்தார்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டலாம்.

வயது குறித்து ஒரு சொல். 2024 நவம்பர் முதல் தணிக்கைச் சான்றிதழில் யு/ஏ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இணையவழிப் படங்களிலும் இந்த வயதுக் குறி தொடக்கத்திலேயே வரும். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு 16+ படங்களைத் தயவுசெய்து காட்ட வேண்டாம். மூத்தவர்களோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் அறிவுரை சொல்லத் தேவையில்லை. அதில் வந்த ஒரு வீரர் அடுத்த மாதம் என்ன செய்துகொண்டிருப்பார், அவருடைய வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டாலே அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள்.

இம்மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, 11 மற்றும் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்காகப் பள்ளிக் கூட்ட அரங்கில் இதே பொருளில் ஒரு கலந்துரையாடல் நடைபெறும். சில திரைக்காட்சிகள் நிறுத்தி நிறுத்திக் காட்டப்படும். இயற்பியல், வரலாறு ஆசிரியர்கள் பேசுவார்கள். முன்னாள் படைவீரர்களான பெற்றோர்கள் அவசியம் வர வேண்டுகிறேன். பேச விருப்பமில்லாதவர்களை மேடைக்கு அழைக்க மாட்டோம். மாணவர்கள் கேட்கக் கூடாத கேள்விகள் எவை என்பதையும் முன்னதாகவே அவர்களுக்குச் சொல்லி வைத்திருப்போம். பிள்ளையை அனுப்ப விரும்பாத பெற்றோர், இக்கடிதத்துடன் உள்ள சீட்டில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்; காரணம் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்