பேரிக்காயைப் பழுக்க விட்டுச் சாப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பழப் பக்கத்தில் மாம்பழத்துக்குக் கிடைக்கிற இடம் பேரிக்காய்க்குக் கிடைப்பதே இல்லை, அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் அதைக் காய் என்றே சொல்லி, நறநறவென்று கடித்தே பழகிவிட்டோம். ஆனால் இங்கிலாந்தின் வில்லியம்ஸ் ரகத்தை அப்படிச் சாப்பிட்டால் பாதி ருசி போச்சு.

1770 வாக்கில் பெர்க்ஷயர் பக்கம், ஆல்டர்மாஸ்டன் என்ற ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர் கண்டெடுத்த ரகம் அது. வில்லியம்ஸ் என்ற நாற்றங்கால்காரர் பரப்பியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அமெரிக்கா போனது. அங்கே மாசசூசெட்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கிய ஈனாக் பார்ட்லெட், மரத்தின் பழைய பெயர் தெரியாமல் தன் பெயரையே வைத்துப் பரப்பிவிட்டார், இன்றும் அங்கே அது பார்ட்லெட்தான். (கண்டெடுத்த வாத்தியார் பெயர் இந்த இரண்டு பெயரிலும் இல்லை, பாவம்!)

பழம் மணி போன்ற வடிவம், மெல்லிய தோல். பச்சையிலிருந்து மஞ்சளாகும்போது வீடே மணக்கும், சதை வெண்ணெய் மாதிரி கரைந்து சாறு முழங்கை வரை வழியும். ஒரு விஷயம், இதை மரத்திலேயே பழுக்க விடக் கூடாது, உள்ளிருந்து வெளியே பழுப்பதால் மேலே நன்றாகத் தெரியும்போதே நடுவில் அழுகியிருக்கும். முற்றிய காயாகப் பறித்து வீட்டில் வைத்து, காம்புப் பக்கம் அழுத்திப் பாருங்கள், லேசாக அமுங்கினால் சரி, அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்